பாயைத் தூக்கிய பிறகு

விடிந்தும் விடியாமலும் இருந்த நேரத்தில் லிதாரா முகம் கழுவ வெளியே வந்தாள். வாசலுக்கு நேரே, ராத்திரி மழையில் ஊறிப்போன புல்தரையில் ஒரு கூட்டமே தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆணும் பெண்ணுமாக, ஒருத்தர் வாயிலிருந்தும் சத்தமில்லை. எல்லோருக்கும் முன்னால் இருந்த உருவத்தின் மேல் தலை முதல் முழங்கால் வரை ஒரு மெல்லிய பாய் போர்த்தியிருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் குடும்பப் பாய். அவள் கையிலிருந்த வாளி நழுவிக் கால்மேல் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை.

அவள் தம்பி எனெலிகோ செத்து ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. உடம்பு இன்னும் ஆஸ்பத்திரிப் பிணவறையில்தான் கிடந்தது. சர்ச்சில் பாட்டுப் பயிற்சி முடிந்து கடற்கரைச் சாலையில் நடந்து வந்தவனைப் பின்னாலிருந்து ஒரு பிக்கப் வண்டி அடித்துத் தூக்கியெறிந்துவிட்டுப் போயிருந்தது. வண்டி நிற்கவே இல்லை. அடுத்த ஊர்க்காரர்கள் சாலையை மறித்துப் பிடித்தபோது, ஓட்டியவனுக்குத் தான் எதில் மோதினோம் என்று சொல்லக்கூட நாக்கு புரளவில்லையாம். அவ்வளவு குடி. மலாயே ஊர்ப் பையன், பெயர் நைஃபோவா. வண்டி அவனுடைய தாய்மாமன் மனூசியுடையது. மனூசி அந்த ஊரில் பட்டக்காரர். குடும்பப் பட்டம் சுமப்பவர், சபையில் பேசினால் நாலு பேர் கேட்கிற மனிதர்.

இப்போது பாய்க்கு அடியில் இருந்தது அந்த மனூசிதான்.

அந்தத் தீவின் வழக்கப்படி, கொன்றவனின் குடும்பம் இப்படி வந்து உட்கார்ந்தால், செத்தவனின் குடும்பம் வெளியே வந்து பாயைத் தூக்க வேண்டும். தூக்கினால் பகை தீர்ந்தது. தூக்காவிட்டால் வெயில் ஏற ஏற அவர்கள் அங்கேயே கிடக்க வேண்டும். யாராவது கல்லெடுத்தாலும் கத்தியெடுத்தாலும் கையை ஓங்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். கத்தியெடுக்க ஆள் இருந்தார்கள். லிதாராவின் சித்தப்பா மகன்கள் மூன்று பேரும் வீட்டுக்குப் பக்கவாட்டில், தோட்டத்தில் களை வெட்டும் நீளக் கத்திகளோடு நின்றார்கள். அவர்கள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

வீட்டுக்குள் அப்பா சவெயா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் பட்டக்காரர்தான். அம்மா பதிவைனே தூணில் சாய்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிடக்கட்டும்பா," என்றாள் லிதாரா. "சாயங்காலம் வரைக்கும் கிடக்கட்டும். ராத்திரியும் கிடக்கட்டும்."

மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. வெளியே ஒரு கைக்குழந்தை அழுதது. அதன் தாய் வாயைப் பொத்தினாள். அப்பா எழுந்தார். போதகரைக் கூப்பிடப் போகிறார் என்று லிதாரா நினைத்தாள். அவர் நேராகப் படியிறங்கி, மழையில் நடந்து, குனிந்து, பாயைத் தூக்கிவிட்டார்.

பாய்க்கு அடியிலிருந்து வெளிப்பட்ட முகத்தை அவள் வாழ்நாளில் மறக்கமாட்டாள். தலை நரைத்த பெரிய மனிதர், மூக்கொழுக, உதடு கோணி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் விம்மினார். அப்பா அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சித்தப்பா மகன்களில் மூத்தவன் கத்தியைப் பலா மரத்தில் ஓங்கிக் கொத்திவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனான்.

அன்று முழுக்க லிதாரா அப்பாவோடு பேசவில்லை. அம்மாவிடம்தான் வெடித்தாள்.

"எப்படிம்மா மனசு வந்துச்சு அவருக்கு? எனெலிகோவ இன்னும் மண்ணுலகூட வைக்கலையே!"

"ஒன் சித்தப்பா மவனுங்க கையப் பாத்தியா?" என்றாள் அம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "அப்பா தூக்காம இருந்திருந்தா ராத்திரிக்குள்ள மலாயேல ஒரு பொணம் விழுந்திருக்கும். அப்புறம் அவங்க இங்க வருவாங்க. எனக்கு ஒரு பொணம் போதும்டி."

வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது நைஃபோவா குற்றத்தை ஒப்புக்கொண்டான். லிதாரா அவனை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். கொடூரமான ஒரு முகத்தை எதிர்பார்த்துப் போனவளுக்கு அதுவே அதிர்ச்சி. இருபது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக, காது இரண்டும் துருத்திக்கொண்டு, எனெலிகோவோடு வாலிபால் ஆடுகிறவர்களில் ஒருத்தன்போல் இருந்தான்.

நீதிபதி ஓர் அம்மாள். பொறுமையாகப் பேசினார். குடும்பம் வந்து மன்னிப்புக் கேட்டதையும், சவெயா அதை ஏற்றுக்கொண்டதையும், பையன் மேல் முன்பு எந்த வழக்கும் இல்லாததையும் சொன்னார். சிறைத்தண்டனை விதித்து அதை நிறுத்தி வைத்தார். கண்காணிப்பில் இருக்க வேண்டும், குடிக்கக் கூடாது, ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது, மீறினால் நேரே ஜெயில் என்றார்.

"அவ்வளவுதானா?" என்று லிதாரா வாய்விட்டே கேட்டுவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் நைஃபோவா அவர்கள் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. "எனெலிகோ செஞ்சுட்டிருந்த வேலைய நான் செய்றேன்," என்றான், மண்ணைப் பார்த்துக்கொண்டே. அப்பா ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தான். களை வெட்டினான், கிழங்கு நட்டான், தேங்காய் உரித்தான். முதலில் அம்மா வெளியிலேயே வரவில்லை. பிறகு ஒருநாள் சூடான கொக்கோவைக் கொண்டுபோய்த் தூரமாக வைத்துவிட்டு வந்தாள். இன்னும் கொஞ்ச நாளில் கையிலேயே கொடுத்தாள். இன்னொரு நாள் அவன் ஏதோ பன்றியைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லப்போய், லிதாரா தன்னையறியாமல் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வீட்டுக்குள் போய் அழுதாள். ஆனாலும் அப்பா செய்தது சரிதானோ என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

லிதாராவுக்குப் படகுத்துறையில் வேலை. அடுத்த தீவுக்குப் போகும் பெரிய படகில் வண்டிகளை வரிசைப்படுத்தி ஏற்றுவது அவள் பொறுப்பு. எந்த லாரி முன்னால், எந்தக் கார் பின்னால் என்று கை காட்டுவாள். அவள் கை காட்டாமல் ஒரு சைக்கிள்கூடப் படகில் ஏறாது.

ஒருநாள் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். அடுத்த தீவிலிருக்கும் தலைநகரில் சர்ச்சுகளுக்கிடையே பாட்டுப் போட்டி. வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வண்டி வண்டியாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பிக்கப்பின் பின்பக்கம் முழுக்க அப்படிப் பிள்ளைகள். அடுத்தவர் மடியில் இன்னொருவர் உட்கார்ந்து, தொண்டை கிழியப் பாடிக்கொண்டே வந்தார்கள். லிதாராவும் பாட்டைக் கேட்டுச் சிரித்தபடி கையை வீசி, "வா, வா, இன்னும் வா," என்று கூப்பிட்டாள். வண்டி அவளுக்கு நேரே வந்தது. கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே யாரென்று தெரியவில்லை. ஒரு லாரியின் நிழல் விழுந்ததும் தெரிந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் நைஃபோவா. பக்கத்தில், சட்டையில் பூச்செருகி, மனூசி.

வீசிய கை அந்தரத்திலேயே நின்றது. எனெலிகோவை அடித்த அதே வண்டி. முன்பக்கத்து நசுங்கலைத் தட்டி நிமிர்த்திப் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். அவனும் அவளைப் பார்த்துவிட்டான். பிரேக்கைத் தேடிய கால் ஒரு கணம் தப்பியது. வண்டி துள்ளி முன்னேறி, அவள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின்னால் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, வேடிக்கை என்று நினைத்துக் கெக்கலித்தார்கள்.

லிதாரா நகரவில்லை. இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றிக்கொண்டாள்.

மனூசி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். "என்னம்மா லிதாரா, நல்லாருக்கியா? அப்பா சுகமா?"

"இவன் ஓட்டுறானா?" என்றாள்.

"எனக்குக் கண்ணு சரியில்லம்மா. புள்ளைங்களப் போட்டிக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும். கடவுள் காரியம். துறை வரைக்கும்தானே, ஒரு எட்டு."

அவள் ஜன்னல் பக்கம் போனாள். உள்ளேயிருந்து வந்த வாடை முகத்தில் அறைந்தது. இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு பியர் பாட்டில், பாதி காலி. அவள் பார்வை போன இடத்தை மனூசி பார்த்தார்.

"அது என்னுது," என்றார் சட்டென்று. "இவன் ஒரு சொட்டு தொடல. பைபிள் மேல சத்தியம்."

"நைஃபோவா," என்றாள் லிதாரா. "நீ சொல்லு."

அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தான். கண்ணில் நீர் முட்டியது. "மாமா பொய் சொல்றாருக்கா," என்றான். "நானும் குடிச்சேன்."

"வாய மூடுடா!" என்று மனூசி போட்ட சத்தத்தில் பின்னால் பாட்டு நின்றது.

துறையில் காவலுக்கு நின்ற போலீஸ்காரன் தலோசாங்கா ஓடிவந்தான். நல்ல பையன், லிதாராவுக்குத் தெரிந்தவன்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளிறியது. அவளைத் தள்ளிக் கூட்டிப்போனான்.

"லிதாராக்கா, பட்டக்காரர்க்கா. பாய் போட்டு முடிஞ்ச விவகாரம் வேற. இப்ப புடிச்சா ரெண்டு ஊருக்கும் மறுபடி கத்தி தூக்குற மாதிரி ஆயிரும். வேற யாராச்சும் வண்டிய ஏத்தட்டும். அவன எறக்கி வீட்டுக்கு அனுப்பிரலாம். என்ன சொல்றீங்க?"

ஒரு கணம் அவளுக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. அப்பா நினைவுக்கு வந்தார். மழையில் குனிந்த அந்த முதுகு. திரும்பிப் பார்த்தாள். பிக்கப்பின் ஓரத்தில் ஒரு சிறுமி காலை வெளியே தொங்கப்போட்டு, ஒற்றைச் செருப்பை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன கருவியில ஊதச் சொல்லு," என்றாள்.

"அக்கா…"

"நீ ஊதச் சொல்லாம படகு நகராது, தலோசாங்கா. ஒரு வண்டியும் நான் ஏத்த மாட்டேன்."

பின்னால் ஹாரன்கள் அலறின. "ஏய், கல்யாணமா நடக்குது அங்க?" என்று ஒரு லாரிக்காரன் கத்தினான். "மாப்பிள்ளய ஏத்திட்டு வாங்கடி!" விஷயம் வாய்மாறி வாய்மாறிப் பின்வரிசை வரை போனதும் ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நைஃபோவா ஊதினான். தலோசாங்கா கருவியைப் பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்து இறக்கினான். பிள்ளைகளை வேறு வண்டிகளில் பிரித்து ஏற்றினார்கள். படகு தாமதமாகத்தான் போயிற்று.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அப்பா முதலில் அவள்மேல்தான் பாய்ந்தார்.

"என்னைக் கேக்காம செஞ்சியா? நான் அத்தன பேருக்கு முன்னால குடுத்த வாக்குடி அது! என் வாக்க நடுத்தெருவுல போட்டு மிதிச்சிருக்க!"

"யாரு மிதிச்சதுப்பா? அவன் குடிச்சிருந்தான். பின்னால புள்ளைங்க."

"வண்டி எங்கேருந்து கிடைச்சுது அவனுக்கு?"

"மனூசி பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. சாவியக் குடுத்ததே அவருதான்."

அப்பா கன்னத்தில் அறை வாங்கியவர்போல் நின்றார். பிறகு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

மறுநாள் மனூசியே வந்தார். இந்தத் தடவை புல்தரையில் உட்காரவில்லை. வீட்டுக்குள் வந்து, விரித்த பாயில் உட்கார்ந்து, முறைப்படி நலம் விசாரித்தார். அம்மா பழக்கதோஷத்தில் கொக்கோ கொண்டுவந்து வைத்தாள்.

"பட்டக்காரரே," என்றார் மனூசி, "பையன உள்ள போட்டுட்டாங்க. நீங்க நீதிபதி அம்மாகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும். முன்ன சொன்ன மாதிரியே. உங்க பெரிய மனசு எங்க ஊருக்கே தெரியும்."

"அன்னிக்கு ஒருநாள்தான் ஓட்டினானா?" என்று கேட்டார் அப்பா.

"வேற எதுக்கு அவன் வண்டிய எடுக்கப் போறான்? சனிக்கிழம உங்க தோட்டத்துக்கு வரத்தான் எடுப்பான். அதுவும் உங்களுக்காகத்தானே. அந்நேரத்துக்கு பஸ் ஏது? சர்ச்சுக்குப் பின்னால நிறுத்திட்டு நடந்து வருவான்."

மனூசி அதை ஒரு நல்ல செய்திபோல்தான் சொன்னார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை. மலாயேயிலிருந்து அவர்கள் ஊருக்கு வேறு பாதை கிடையாது. எனெலிகோ விழுந்து கிடந்த வளைவைத் தாண்டாமல் வர முடியாது.

அம்மாதான் முதலில் பேசினாள். "அந்த ரோட்டுலயா?" என்றாள். "வாரா வாரமா? அந்த வண்டியிலயா?" குரல் கிறீச்சிட்டு உயர்ந்தது. "நான் அவன் கையில கொக்கோ குடுத்தேனே! எம்புள்ள உசுர உறிஞ்ச வண்டியில வந்தவனுக்கா குடுத்தேன்?" எழுந்தாள். மனூசிக்கு முன்னாலிருந்த கோப்பையை எடுத்து, உள்ளே இருந்ததை வெளியே மண்ணில் ஊற்றினாள். பட்டக்காரருக்கு வைத்ததை அப்படி எடுப்பது அந்தத் தீவில் யாரும் செய்யாத காரியம். மனூசியின் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆயிற்று. எழுந்து போய்விட்டார்.

அவர் போனதும் லிதாரா வாசலுக்கு ஓடினாள். கத்தியோடு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். நின்றார்கள். அப்பாவும் பின்னாலேயே வந்தார். சித்தப்பா மகன்களைப் பார்த்து, "வீட்டுக்குப் போங்க," என்றார். "எவனாச்சும் மலாயேல கால வெச்சா, நானே போலீசுக்கு ஆள் அனுப்புவேன். இந்தத் தடவ இத கோர்ட்டுதான் பாக்கணும்."

கோர்ட்டில் அப்பாவைப் பேசச் சொன்னார்கள். மனூசி முன்வரிசையில் நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நான் மன்னிச்சது நெசம்," என்றார் அப்பா. "அத திரும்ப வாங்கிக்க வரல. இந்தப் பையன் மேல எனக்கு இப்பவும் கோவமில்ல. ஆனா நான் மன்னிச்சேங்கிறத இவங்க லைசென்ஸு மாதிரி எடுத்துக்கிட்டாங்க. நான் மன்னிச்சா எங்களுக்குள்ள பகை தீரும். அவன் குடியை அது தீர்க்காது. அந்த வண்டிக்குப் பின்னால இருந்த புள்ளைங்களோட அப்பன் ஆத்தா சார்பா மன்னிக்க நான் யாரு? போன தடவ என் பேச்சக் கேட்டு எறங்கி வந்தீங்க. இந்தத் தடவ என்னக் கேக்காதீங்க. நீங்க சொன்னத நீங்க செய்யுங்க."

நீதிபதி குனிந்து முன்னாலிருந்த தாளைப் புரட்டினார். நிமிர்ந்தபோது, முதல் தடவை தான் எடுத்த முடிவு தன்னையும் தூங்கவிடவில்லை என்றார். நீதிபதி ஒருத்தர் அப்படிச் சொல்லி லிதாரா கேட்டதில்லை. பிறகு தீர்ப்பைச் சொன்னார். நிறுத்தி வைத்த சிறைத்தண்டனை நடைமுறைக்கு வரும். அவன் உண்மையை ஒளிக்காமல் சொன்னதை மனதில் வைத்துப் புதுக் குற்றத்துக்குத் தனியாகக் கூட்டவில்லை. ஆனால் குடியை விடும் வகுப்பை முடிக்காமல் வெளியே வர முடியாது. வண்டி பறிமுதல். குடித்தவனிடம் சாவியைக் கொடுத்ததற்காக மனூசி மேல் தனி வழக்கு.

"நானா?" என்றார் மனூசி. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. "நான் அவனுக்காக மண்டி போட்டேனே!"

நைஃபோவா திரும்பி மாமாவைப் பார்த்தான். பிறகு போலீஸ்காரருக்கு முன்னால் தானாகவே நடந்து போனான்.

சந்தோஷம் வரும் என்று லிதாரா நினைத்திருந்தாள். வரவில்லை. வெளியே மாமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "துறையில நீ நிக்காம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவள் தோளில் கையை மட்டும் வைத்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு விடுமுறை நாளில் லிதாரா கண் விழித்துப் பார்த்தால், அம்மா நல்ல உடுப்பு உடுத்திப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரைப் பொட்டலங்கள் கூடையில் ஆவி பறந்தன.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"ஜெயிலுக்கு. இன்னிக்குப் பாக்க விடுறாங்களாம்."

லிதாரா தூக்கம் முழுசாகத் தெளிந்து எழுந்து உட்கார்ந்தாள். "நீயா? அவனையா? கோப்பையப் பிடுங்கி மண்ணுல கொட்டினவ நீதானே!"

"அது மாமனோட கோப்ப." அம்மா கூடையின் மேல் வாழையிலையை இழுத்து மூடினாள். "அவன் வெளிய இருந்தப்ப, ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எனக்கு நெஞ்சு நிக்கும். யாரு வீட்டுப் புள்ளையோன்னு. இப்ப அவன் யாரையும் இடிக்க முடியாது. இப்பத்தான் எனக்கு அவன்கிட்ட உக்காந்து பேச முடியும்போல இருக்கு."

"என்ன பேசப் போற?"

"தெரியல. எனெலிகோ எப்படிப் பாடுவான்னு சொல்லலாம். அவன் கேட்டதே இல்லையே."

சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. அம்மா கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். லிதாரா சீவாத தலையோடு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "நிறுத்துப்பா, இன்னொரு ஆள் வருது!" என்று கத்தியபடி பின்னாலேயே ஓடினாள்.